துணிக்கொடியும் பிறர் வீட்டுக் குழந்தைகளும்: பிரிட்டனில் ஒரு பாதுகாப்புக் கேள்வி

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளின் பின்புறத் தோட்டத்தில் துணி உலர்த்துவதற்கென்று ஒரு கொடி இருக்கும். சுவரிலிருந்து வேலிக்கம்பம் வரை கட்டிய கயிறாக அது இருக்கலாம். குடை போல விரியும் சுழல் கொடியாகவும் இருக்கலாம். வீட்டாரின் கண்ணில் அது ஓர் ஆபத்தான பொருளாகப் படுவதில்லை. ஆனால் அதே வீட்டில் பிறருடைய குழந்தைகளைக் கட்டணம் பெற்றுக்கொண்டு பராமரிக்கத் தொடங்கிவிட்டால், அந்தக் கயிறு சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிடுகிறது.

இவ்வாறு தமது வீட்டிலேயே குழந்தைகளைப் பராமரிப்பவர்கள் பிரிட்டனில் சைல்ட்மைண்டர்கள் என்று அழைக்கப்படுகின்றனர். பெரும்பாலும் பெண்களே ஈடுபட்டுள்ள இந்தத் தொழிலில் புலம்பெயர்ந்த சமூகங்களைச் சேர்ந்தவர்களும் இருக்கின்றனர். தமது வீட்டை விட்டு வெளியேறாமலே வருமானம் தேட அது வழி செய்கிறது. ஆனால் வசிக்கும் வீடே பணியிடமாகவும் மாறும்போது, வீட்டு வேலைக்கான சாமான்களும் குழந்தைகள் விளையாடும் வெளியும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. துணிக்கொடி அதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தை ஒன்றை, நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், கட்டணத்துக்காகத் தமது வீட்டில் பார்த்துக்கொள்பவர் இங்கிலாந்தில் பதிவு செய்துகொண்டாக வேண்டும். கல்வி மற்றும் குழந்தைப் பராமரிப்பின் தரத்தைக் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட் அமைப்பிடமோ, அங்கீகாரம் பெற்ற சைல்ட்மைண்டர் முகமை ஒன்றிடமோ இந்தப் பதிவைச் செய்யலாம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய பகுதிகளில் இதற்குத் தனித்தனி அமைப்புகளும் தனித்தனி வயது வரம்புகளும் உள்ளன.

இந்தக் கண்காணிப்பு புதிதன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1948ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின் மூலம் சைல்ட்மைண்டர்களைப் பதிவு செய்யும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதை விரிவுபடுத்தியது. இங்கிலாந்தில் 2001ஆம் ஆண்டு அந்தப் பொறுப்பு ஆஃப்ஸ்டெட்டிடம் மாற்றப்பட்டது. 2006ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்புச் சட்டத்தின் அடிப்படையில், ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் கல்விக்கும் பாதுகாப்புக்குமான ஒரே சட்டபூர்வ விதித்தொகுப்பு 2008ஆம் ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024ஆம் ஆண்டு முதல் சைல்ட்மைண்டர்களுக்கென்று அதன் தனிப் பதிப்பு ஒன்று உள்ளது.

இந்த விதித்தொகுப்பில் துணிக்கொடி என்ற சொல்லைத் தேடினால் கிடைக்காது. எவ்வளவு உயரத்தில் கயிறு கட்ட வேண்டும், எப்போது அவிழ்க்க வேண்டும் என்றெல்லாம் அது கூறவில்லை. குழந்தைகள் ஆபத்துக்கு உள்ளாகாமலிருக்க நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்றும், ஆபத்துகளை எவ்வாறு கையாளுகிறோம் என்பதை எடுத்துக்காட்டக் கூடியவராகப் பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்றும் மட்டுமே அது கூறுகிறது. அந்த மதிப்பீடு எல்லாச் சந்தர்ப்பங்களிலும் எழுத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதாவது, சட்டம் கொடியைத் தடை செய்யவில்லை. கொடியைப் பற்றி யோசித்தீர்களா என்று கேட்கிறது.

சுதந்திரம் போலத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் ஒரு சுமையும் இருக்கிறது. தெளிவான அளவு ஒன்று விதியில் இருந்தால் அதைப் பின்பற்றிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அளவு இல்லாத இடத்தில், எது ஆபத்து என்பதைத் தாமே கண்டறியும் பொறுப்பு தனியொருவராக வேலை செய்யும் பராமரிப்பாளரின் தலையில் விழுகிறது. ஆகவே கயிறு எவ்வாறு ஆபத்தாகிறது என்பதை அறிந்துகொள்வது அவருக்கு விதியை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது.

கயிறு எவ்வாறு ஆபத்தாகிறது?

கழுத்து இறுகி மரணம் நேர்வதற்கு உடல் முழுவதும் தரையை விட்டு எழும்பித் தொங்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது தவறானது. கழுத்தின் இரு பக்கமும் உள்ள இரத்தக் குழாய்கள் அழுத்தப்பட்டாலே மூளைக்கான இரத்த ஓட்டம் தடைப்படும். அதற்கு உடலின் எடையில் ஒரு பகுதியே போதும். கால் தரையில் படிந்திருக்கும் நிலையிலும், முழங்காலிட்டிருக்கும் நிலையிலும்கூட இது நேரலாம்.

சிறு குழந்தைகளுக்கு அபாயம் இன்னும் அதிகம். உடலோடு ஒப்பிடுகையில் அவர்களின் தலை பெரியது, கனமானது. கழுத்துத் தசைகள் பலமற்றவை. மூச்சுக் குழாய் மென்மையானது. சிக்கிக்கொண்ட தலையைப் பின்னால் இழுத்து விடுவித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. சிறு குழந்தை ஒன்று 15 விநாடிகளில் நினைவிழக்கக் கூடும், இரண்டு மூன்று நிமிடங்களில் உயிரிழக்கக் கூடும் என்று பிரிட்டனின் விபத்துத் தடுப்புச் சங்கமான ரோஸ்பா எச்சரிக்கிறது.

இந்த எச்சரிக்கை ஜன்னல் பிளைண்டுகளின் கயிறுகள் தொடர்பானது. அக்கயிறுகளில் சிக்கி இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் 16 மாதத்துக்கும் 36 மாதத்துக்கும் இடைப்பட்டவர்கள் என்பதை அந்தச் சங்கம் சுட்டிக்காட்டியுள்ளது. நடக்கவும் ஏறவும் கற்றுக்கொண்டுவிட்ட, ஆனால் ஆபத்தை உணரத் தொடங்காத வயது அது. சைல்ட்மைண்டர்களின் பராமரிப்பில் வழமையாக விடப்படும் வயதும் அதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக, கழுத்து இறுகும்போது சத்தம் எழுவதில்லை. விழுந்த குழந்தை அழும். சூடுபட்ட குழந்தை அலறும். கழுத்தில் கயிறு இறுகிய குழந்தையால் குரல் எழுப்ப முடியாது.

இங்குதான் விதிகளில் கவனிக்கத்தக்க ஓர் இடைவெளி தென்படுகிறது. குழந்தைகள் வழமையாகப் பராமரிப்பாளரின் பார்வைக்கும் செவிக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், எந்நேரமும் இவற்றில் ஒன்றுக்கேனும் எட்ட வேண்டும் என்பது விதி. சமையலறையில் இருந்தபடி தோட்டத்திலிருந்து வரும் சிரிப்பொலியைக் கேட்டுக்கொண்டிருப்பது இந்த விதிக்கு உட்பட்டதே. ஆனால் உணவு உண்ணும் நேரத்துக்கு மட்டும் 2021ஆம் ஆண்டு முதல் கூடுதல் நிபந்தனை உள்ளது. அப்போது குழந்தைகள் பார்வைக்கும் செவிக்கும் ஒருசேர எட்ட வேண்டும். தொண்டையில் உணவு சிக்கினால் சத்தம் வராது என்பது இதற்கான முக்கிய காரணம். கயிற்றில் சிக்கினாலும் சத்தம் வராது. ஆனால் கயிறு உள்ள தோட்டத்துக்கு அத்தகைய நிபந்தனை இல்லை. ஆகவே, காதை நம்பியிருப்பது விதிப்படி சரியாக இருந்தாலும், இந்த ஆபத்தைப் பொறுத்தவரை அது பயனற்றது.

உயரத்தில் கட்டினால் போதுமா?

கொடியை உயரத்தில் கட்டிவிட்டோம், குழந்தைக்கு எட்டாது என்பதே வழமையாகக் கூறப்படும் பதில். தரையில் நிற்கும் குழந்தைக்கு அது சரிதான். இரண்டு வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 85 சென்டிமீட்டர். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் சுமார் 110 சென்டிமீட்டர். பெரியவர் ஒருவரின் தலைக்கு மேலாக, 180 சென்டிமீட்டர் உயரத்தில் செல்லும் கயிறு இவர்களுக்கு எட்டாது.

ஆனால் தோட்டத்தில் குழந்தைகள் தரையில் மட்டுமே நிற்பதில்லை. பிரிட்டன் வீடுகளில் பரவலாகக் காணப்படும் பெரிய டிராம்போலின்களின் பரப்பு தரையிலிருந்து சுமார் 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். ஐந்து வயதுக் குழந்தை அதன் மீது ஏறி நின்றால், அதன் கழுத்து ஏறத்தாழ 180 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எட்டாத உயரம் என்று கருதப்பட்ட கயிறு, அப்போது மிகச் சரியாகக் கழுத்து மட்டத்தில் நிற்கிறது. சறுக்கு மேடையின் உச்சி, தோட்டத்து நாற்காலி, கவிழ்த்து வைத்த வாளி ஆகியவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். கயிற்றின் உயரத்தை மட்டும் அளப்பது போதாது. அதன் கீழேயும் அருகேயும் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

கயிறும் ஒரே உயரத்தில் நிலைத்திருப்பதில்லை. ஈரத் துணிகளின் பாரத்தால் அது நடுவில் தொய்கிறது. தொய்ந்த கயிறு, சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ வேகமாக வரும் ஆறு வயதுச் சிறுவனின் கழுத்தைத் தாக்கக் கூடும். கொடியைக் கட்டியபின் மிஞ்சிய நுனி கம்பத்திலிருந்து தொங்குமானால், அது முடிச்சும் வளையமுமாக மாறி, நடை பழகும் குழந்தையின் கைக்கு எட்டுகிறது. பிளைண்டுக் கயிறுகளின் அனுபவத்தைக் கொண்டு பார்த்தால், மேலே நீண்டு செல்லும் கயிற்றைவிடக் கீழே தொங்கும் வளையமே அதிக ஆபத்தானது.

சுழல் கொடிக்கு வேறு சிக்கல்கள் உள்ளன. ஆஸ்திரேலியாவில் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் என்ற பெயரில் புகழ்பெற்ற சுழல் கொடியின் கைகளில் தொங்கிச் சுற்றுவது அந்நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டாகவே இருந்து வந்தது. ஆனால் துணியின் பாரத்துக்கென்று செய்யப்பட்ட இன்றைய இலேசான அலுமினியக் கம்பிகள், ஒரு பக்கமாகத் தொங்கும் குழந்தையின் எடையில் வளைந்து சரியக் கூடும். மடங்கும் கைகளின் மூட்டுகளில் விரல்கள் நசுங்கலாம். கொடியைக் கழற்றி எடுத்தபின் நிலத்தில் பதித்த குழாயின் வாய் மூடப்படாவிட்டால், அதில் குழந்தையின் கால் இடறும்.

சைல்ட்மைண்டர் வீட்டுக்கே உரிய இன்னொரு நிலைமையும் உண்டு. இங்கிலாந்தில் ஒருவர் பொதுவாக எட்டு வயதுக்குட்பட்ட ஆறு குழந்தைகள் வரை பராமரிக்கலாம். அவர்களில் மூவர் வரை பள்ளிப் பருவத்தை எட்டாத சிறு குழந்தைகளாக இருக்கலாம். ஆகவே ஏழு வயதுச் சிறுமியும் ஒன்றரை வயதுக் குழந்தையும் ஒரே தோட்டத்தில் விளையாடுகின்றனர். மூத்தவர்கள் மீதமுள்ள கொடிக்கயிற்றையோ ஸ்கிப்பிங் கயிற்றையோ சறுக்கு மேடையில் கட்டி விளையாடிவிட்டுச் செல்வார்கள். இளையவர்கள் பிறகு அங்கே வருவார்கள். விளையாட்டுச் சாதனங்களில் கொடிக்கயிறு, ஸ்கிப்பிங் கயிறு, நாய்ச் சங்கிலி ஆகியவற்றைக் கட்ட வேண்டாம் என்று அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் நீண்டகாலமாகவே எச்சரித்து வருவது இதனால்தான். சைக்கிள் தலைக்கவசத்தின் நாடாவும் இவ்வாறே சாதனங்களில் மாட்டிக்கொள்ளக் கூடும் என்பதால், ஏறி விளையாடும் முன் அதைக் கழற்றிவிட வேண்டும்.

வடிவமைப்பு ஏன் உதவவில்லை?

குழந்தைகளின் கழுத்தை இறுக்கும் கயிறுகள் விஷயத்தில் பிரிட்டன் ஏற்கெனவே சில முறை சட்டத்தின் உதவியை நாடியுள்ளது. குழந்தைகளின் மேலாடைத் தொப்பிகளை இழுத்துக் கட்டும் நாடாக்கள் 1976ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் மூலம் கட்டுப்படுத்தப்பட்டன. ஜன்னல் பிளைண்டுகளுக்கான ஐரோப்பியத் தரநிர்ணயம் 2014ஆம் ஆண்டு கடுமையாக்கப்பட்டது. அதன்படி, வளையமாகத் தொங்கும் கயிறு குழந்தையின் பாரம் பட்டால் தானாகவே பிரிந்துவிட வேண்டும். அல்லது எட்டாத உயரத்தில் கட்டிவைக்கவோ சுவரோடு இறுக்கிப் பொருத்தவோ வழி இருக்க வேண்டும். கனடாவும் ஆஸ்திரேலியாவும் இதே திசையில் விதிகளைக் கொண்டுவந்துள்ளன.

துணிக்கொடிக்கு இந்த வழி பொருந்துவதில்லை. பிளைண்டின் கயிறு சிறு பாரத்தில் பிரிந்துவிடலாம், அதனால் இழப்பில்லை. ஆனால் ஒரு தடவை இயந்திரத்தில் துவைத்தெடுத்த ஈரத் துணிகள் பத்துக் கிலோவைத் தாண்டக் கூடும். ஒன்றரை வயதுக் குழந்தையின் எடையும் ஏறத்தாழ அவ்வளவே. துணியைத் தாங்கும் கயிறு குழந்தையையும் தாங்கும். குழந்தைக்காக அறுந்து கொடுக்கும் கயிற்றில் துணி காயப்போட முடியாது. எனவே உற்பத்தியாளரால் தீர்க்க முடியாத இந்தப் பிரச்சினையை, கயிறு எங்கே, எந்த நேரத்தில் இருக்கிறது என்பதைக் கொண்டே தீர்க்க வேண்டியிருக்கிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்?

மிக எளிய வழி, குழந்தைகளும் கொடியும் ஒரே நேரத்தில் தோட்டத்தில் இருக்காதவாறு பார்த்துக்கொள்வது. குழந்தைகள் வருமுன் அல்லது சென்றபின் துணி உலர்த்தலாம். பயன்படுத்தாத வேளையில் பெட்டிக்குள் சுருண்டுகொள்ளும் கொடி இதற்கு ஏற்றது. ஆனால் நீட்டியிருக்கும்போது அதுவும் சாதாரணக் கயிறுதான் என்பதையும், கொக்கியிலிருந்து விடுபட்டால் அதன் நுனி வேகமாகத் திரும்பிப் பாயும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சுழல் கொடியை மடக்கி, கழற்றி, கொட்டகைக்குள் வைத்துவிட்டு, நிலத்துக் குழாயை மூடிவிட வேண்டும்.

இடம் தாராளமாக இருந்தால் துணி உலர்த்தும் பகுதியைச் சிறு வேலியும் கதவும் கொண்டு பிரித்துவிடலாம். எங்கே கட்டினாலும் தொங்கும் நுனியை வெட்டிவிட வேண்டும். மீதக் கயிற்றைப் பூட்டி வைக்க வேண்டும். டிராம்போலினையும் ஏறக்கூடிய பொருட்களையும் கயிற்றின் பாதையிலிருந்து அகற்ற வேண்டும். உடைந்த துணிக் கிளிப்பின் துண்டுகளை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் விழுங்கிவிடக் கூடும். சலவைத் திரவம் அடைத்த சிறு பொதிகள் வாய்க்கும் கண்ணுக்கும் ஆபத்தானவை. இவை இரண்டும் கொடிக்கு அருகிலேயே விடப்படும் பொருட்கள்.

தமிழ் வீடுகளில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது சேலை. ஐந்தரை மீட்டர் நீளத் துணி தரையைத் தொடுமாறு தொங்கும்போது, ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகள் அதற்குள் புகுந்து சுற்றிக்கொள்வது வழக்கம். சேலையில் கட்டும் தூளி அல்லது ஏணையும் இதே வகையைச் சேர்ந்தது. அதில் விளையாடிய குழந்தைகளின் கழுத்து சிக்கி மரணம் நேர்ந்த சம்பவங்கள் இந்திய மருத்துவ ஆய்விதழ்களில் பதிவாகியுள்ளன. தமது குழந்தைகளைத் தலைமுறைகளாக அதில் உறங்க வைத்திருந்தாலும், பிறர் குழந்தைகளைப் பராமரிக்கும் வீட்டில் அதை ஆளில்லாமல் தொங்கவிடுவதை ஏற்றுக்கொள்ள முடியாது.

விபத்து நேர்ந்துவிட்டால் முதலில் குழந்தையைத் தூக்கிப் பாரத்தைக் குறைத்து, கயிற்றை அகற்ற அல்லது வெட்ட வேண்டும். மூச்சு இல்லையெனில் உடனே செயற்கைச் சுவாசமும் மார்பு அழுத்தமும் தொடங்கி, 999 இலக்கத்தை அழைக்க வேண்டும். குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவர் பார்த்தாக வேண்டும். குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பது சைல்ட்மைண்டர்களுக்குக் கட்டாயம். கடுமையான விபத்தை 14 நாட்களுக்குள் ஆஃப்ஸ்டெட்டுக்கு அறிவிக்கத் தவறுவது குற்றமாகும்.

எச்சரிக்கைக்கும் எல்லை உண்டா?

இத்தனை எச்சரிக்கையும் குழந்தைப் பருவத்தையே முடக்கிவிடாதா என்ற கேள்வியும் பிரிட்டனில் நீண்டகாலமாக எழுப்பப்பட்டு வருகிறது. விளையாட்டில் எல்லா ஆபத்துகளையும் ஒழிப்பது நோக்கமல்ல, ஆபத்தையும் பயனையும் சீர்தூக்கிப் பார்ப்பதே நோக்கம் என்று பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு நிர்வாகமே 2012ஆம் ஆண்டு அறிவித்தது. மரம் ஏறுவதும் மேட்டிலிருந்து குதிப்பதும் குழந்தைக்கு எதையோ கற்றுக்கொடுக்கின்றன. அங்கே கிடைக்கும் சிராய்ப்புக்கு ஒரு பயன் உண்டு. கவனிப்பாரற்றுத் தொங்கும் கயிற்று வளையத்தால் குழந்தைக்கு எந்தப் பயனும் இல்லை. இந்தச் சீர்தூக்கலில் கொடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

ஆனால் பராமரிப்பாளருக்கு அதனால் பயன் உண்டு. நாள்தோறும் சேரும் விரிப்புகளையும் துண்டுகளையும் மின்சார உலர்த்தியில் போடுவது செலவு மிக்கது. வீட்டுக்குள் உலர்த்தினால் ஈரமும் பூஞ்சையும் சேரும். குறைந்த வருமானத்தில் நடக்கும் இத்தொழிலில் இத்தகைய சிறு செலவுகளும் கணக்கில் வருகின்றன. இங்கிலாந்தில் பதிவுபெற்ற சைல்ட்மைண்டர்களின் எண்ணிக்கை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே வேளையில், வேலை செய்யும் பெற்றோருக்கு அரசு நிதியளிக்கும் பராமரிப்பு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் விரிவாக்கப்பட்டு, 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் வாரத்துக்கு 30 மணி நேரமாக உயர்த்தப்பட்டது. பராமரிப்பாளர்கள் குறைகின்றனர், அவர்களிடம் வரக்கூடிய குழந்தைகளோ மேலும் சிறியவர்கள்.

இந்த இடைவெளியைப் பதிவு இல்லாத பராமரிப்பு நிரப்பும் அபாயம் உண்டு. பாட்டியோ அத்தையோ சித்தியோ தமது உறவுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்குப் பதிவு தேவையில்லை. ஆனால் குழந்தை அன்ரி என்று அழைக்கும் அயல்வீட்டுப் பெண் பணம் பெற்றுக்கொண்டு தமது வீட்டில் நாள் முழுவதும் பராமரித்தால், அந்த உறவுமுறைச் சொல்லைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும்கூட இத்தகைய பராமரிப்புக்கு முன் அனுமதி பெற வேண்டியிருக்கிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் உரிமம் இன்றிப் பராமரிப்பவர்களுக்கும் குழந்தைகளின் எண்ணிக்கையில் வரம்பு உண்டு. அபராதம், காப்புறுதி இன்மை ஆகியவற்றோடு, பதிவு இல்லாத வீட்டுத் தோட்டத்தை வெளியார் ஒருவரும் வந்து பார்ப்பதில்லை என்பதே இதில் உள்ள பெரிய குறைபாடு.

பதிவு பெற்ற வீட்டுக்கும் ஆய்வாளர் எப்போதாவது ஒருமுறைதான் வருகிறார். குழந்தையை அங்கு விடும் பெற்றோரோ நாள்தோறும் இரண்டு தடவை அந்த வாசலுக்குச் செல்கின்றனர். தோட்டத்தைக் காட்டச் சொல்வதும், துணி எப்போது உலர்த்துகிறீர்கள் என்று கேட்பதும் மரியாதைக் குறைவு என்ற தயக்கம் பலருக்கு இருக்கலாம். ஆனால் சட்டம் பராமரிப்பாளரிடம் கேட்பதும் அதே கேள்வியைத்தான். அதற்குத் தயாரான பதில் வைத்திருக்கும் பராமரிப்பாளர், கேட்கப்படுவதைக் குறையாகக் கொள்ளப் போவதில்லை.